துண்டுக்கடியில் ஒரு விலை

விலை என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்கு ரூபாய் ஞாபகம் வரும். எனக்கு ஓர் அழுக்குத் துண்டு ஞாபகம் வரும். அரியலூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கடலை மண்டியில், தரகர் தோளில் கிடந்த துண்டு அது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் விளைந்த கடலை எல்லாம் அந்தத் துண்டுக்கடியில்தான் விலையானது.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வாங்க வந்த வியாபாரியின் கையைத் தரகர் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடுவார். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் மூட்டைக்கு ஒரு ரூபாய், இரண்டைப் பிடித்தால் இரண்டு. "பத்துக்கு மேலே" என்பதை மட்டும் வாயால் சொல்வார்கள். மேலே எவ்வளவு என்பது விரலுக்குத்தான் தெரியும். பிறகு தரகர் வியாபாரியை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி நிற்கும் குடியானவரிடம் வருவார். அவர் கையை அதே துண்டால் மூடி, அந்த விலையை விரலால் சொல்வார். சம்மதம் என்றால் தலையாட்ட வேண்டியது, இல்லையென்றால் கையை உதற வேண்டியது. பணமும் தரகர் கை வழியாகத்தான் வரும். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் யார் பொருள் என்ன விலைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், மரியாதை என்பார்கள். ஒருவன் பொருள் மட்டமான விலைக்குப் போனது பக்கத்து வண்டிக்காரனுக்குத் தெரிந்தால் அவமானமில்லையா? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, நானே விற்க வேண்டிய நாள் வரும்வரை.

பெண்ணுக்கு அந்தத் துண்டுக்குள் இடமில்லை. அந்நிய ஆண்பிள்ளையின் கையைப் பிடித்து விரலை எண்ணுவதா? அதனால் வீட்டு ஆண் ஒருவர் போய்க் கைகொடுக்க வேண்டும். விதை போடுவது, களை கொத்துவது, செடி பிடுங்கியதும் காய் ஆய்வது, காய வைப்பது, தோல் உடைத்துப் பருப்பாக்குவது, இதில் முக்கால்வாசி எங்கள் கை. விலைக்கு மட்டும் ஆண் கை.

உலகச் சண்டை நடந்த வருடங்கள் அவை. அதற்கு முன்பு இரண்டு தடவை மழை ஏமாற்றியிருந்தது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டார். (அவர் பத்திரமாகத் திரும்பி வந்தார். அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.) போவதற்கு முன்பே பாகம் பிரித்தாகிவிட்டது. எங்கள் பங்குக்கு வந்தது மேட்டுக் கொல்லை. மாமியார் எங்களோடு இருந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன், எங்கள் பேச்சில் மச்சாண்டார், பக்கத்து வாசலில் தனிக் குடித்தனம். அவருக்கு எங்கள் கொல்லையை ஒட்டியே தன் பங்குக் கொல்லை.

தம்பி மனைவி மச்சாண்டார் முன்னால் நிற்பதும் இல்லை, நேராகப் பேசுவதும் இல்லை. அவர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தன் அம்மாவிடம் சொல்வார், நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொள்வேன். என் பதிலும் அதே வழியாகத் திரும்பிப் போகும். நடுவில் என் மாமியார் தபால் ஆபீஸ் மாதிரி.

தம்பி ரயிலேறிய கையோடு அவர் வந்து சொன்னார்:

"அம்மா, பொம்பளய வச்சுக்கிட்டு வெள்ளாம பண்ண முடியாது. மேட்டுக் கொல்லைய நானே குத்தகைக்கு எடுத்துக்கிறேன். வருசா வருசம் மூட்டை அளந்துடுறேன்."

எனக்குச் சம்மதமில்லை. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அண்ணன் தம்பிக்குள் குத்தகை என்றால் நடுவரப்பு முதல் உழவிலேயே கரைந்துவிடும். கரைந்த வரப்பைத் திரும்பப் போட ஊர்ப்பஞ்சாயத்து வேண்டும், அமீனா வேண்டும், ஆயுசு வேண்டும். இவர் திரும்பி வந்து தன் சொந்தக் கொல்லையில் அண்ணனுக்குக் கூலியாளாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன். முடியாது என்று மாமியார் மூலம் சொல்லியனுப்பினேன். கொஞ்சம் காரமாகவே சொல்லியனுப்பினேன். மாமியார் அதில் தண்ணீர் கலந்துதான் கொடுத்திருப்பார்.

மச்சாண்டார் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "சரி, ஒரு வருசம் பாக்கட்டும். சர்க்காருக்குக் கிஸ்தி கட்டி, ஆளுக்குக் கூலி குடுத்து, அடுத்த வருசத்துக்கு வெதையும் எடுத்து வச்சுட்டா அதுவே பாத்துக்கட்டும். மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் கொல்லை எனக்கு."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

ஆடியில் விதைக்க விதைக் கடலை வாங்கப் போனபோதுதான் எனக்கு முதல் பாடம். அறுவடையில் மலிவாகக் கிடந்த அதே கடலை விதைப்பு நேரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு விலை. விற்கிறபோது எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கிறோம், வாங்குகிறபோதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்குகிறோம், இரண்டு தடவையும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆள். விதையைக் கையில் வைத்திருப்பவன்தான் குடியானவன், மற்றவன் கூலிக்காரன் என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொரு பிடியும் இருந்தது, சாக்கு. சண்டைக்காலத்தில் சாக்குக்குப் பெரிய தட்டுப்பாடு. பட்டாளத்துக்கு மணல் மூட்டை கட்டவே எல்லாச் சாக்கும் போய்விடுகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். தரகர்தான் சாக்குக் கொடுப்பார். இனாமாகத்தான் கொடுப்பார். ஆனால் அவர் சாக்கில் கட்டிய கடலையை வேறு மண்டியில் இறக்க முடியுமா? யார் சாக்கோ அவர் கடலை.

மழை அந்த வருடம் காப்பாற்றியது. கார்த்திகைக் கடைசியில் செடி பிடுங்கினோம். காய் ஆய்ந்த பெண்களுக்கு அளந்து பங்கு கொடுத்தேன். விதைக்கு வேண்டியதை முதலிலேயே தனியாக எடுத்துக் குதிரில் போட்டு வாயைக் களிமண்ணால் பூசிவிட்டேன். மீதியை நானும் மாமியாரும் இரண்டு பெண்களும் உடைத்தோம்.

உடைப்பதிலும் ஒரு விவகாரம் உண்டு. ஊரில் எல்லோரும் காயின்மேல் தண்ணீர் தெளித்துத்தான் உடைப்பார்கள். தோல் சுலபமாக விடும், பருப்பும் கொஞ்சம் எடை கூடும். வியாபாரிக்கு இது தெரியாதா? தெரியும். அதனால் எல்லார் பருப்பையும் ஈரம் என்று வைத்துத்தான் விலை போடுவான். அப்படியானால் காய்ந்த பருப்புக் கொண்டுபோகிறவன் முட்டாள் என்று இவர்களும் தண்ணீர் தெளிப்பார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். என் மாமியார் மட்டும் செம்பைக் கிட்டக் கொண்டுவர விடமாட்டார்.

"நாளைக்கு இதத் தின்னுட்டு எவன் புள்ளைக்காவது வயித்துல நோவு வந்தா அந்தப் பாவம் யாருக்குடி?" என்பார். தண்ணீரில் நனைந்த பருப்பு பூசணம் பிடித்துக் கசந்துபோகும். வறண்ட தோலை உடைத்து உடைத்து எங்கள் விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிற்று. எனக்குக் கோபமாக வரும். இந்தப் புண்ணியத்தை மண்டியில் எந்தத் தராசு நிறுக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே உடைப்பேன்.

தை பிறந்ததும் முதல் வண்டி போயிற்று. மச்சாண்டார்தான் ஓட்டிக்கொண்டு போனார், அவர்தான் கைகொடுத்தார். சாயங்காலம் திரும்பி வந்து பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பத்துக்கு மேல மூணு வெரலு."

அதில் தரகு போக, எடை கூலி போக, தூசிக்குக் கழிவு போக, கோயிலுக்கு மகமை போக, மாதிரி பார்க்கிறேன் என்று ஆளாளுக்கு அள்ளிக்கொண்ட பிடிப் பருப்பும் போக மீதி. சாமிக்குக் கொடுத்ததில் வருத்தமில்லை. அவர் ஒருவர்தான் கேட்காமல் வாங்கிக்கொண்டவர்.

இரண்டாவது வண்டியும் போயிற்று. மறுபடியும் மூன்று விரல்.

அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் ஒரு வண்டிப் பருப்புத்தான் பாக்கி. அதுவும் மூன்று விரலுக்குப் போனால் கிஸ்திக்குத் துண்டு விழும். கிஸ்தி கட்ட வேண்டுமென்றால் குதிரின் களிமண்ணை உடைத்து விதையை விற்க வேண்டும். விதையை விற்றால் நிபந்தனைப்படி கொல்லை போயிற்று. "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று ஒரு பழமொழி சொல்வார்களே, அதை உண்டாக்கியவன் உழுதவனாக இருக்க முடியாது, தரகனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கணக்குப் பார்க்காதே என்று சொல்வதில் யாருக்கு லாபம்?

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. விலை குறைந்தால் யாருக்குக் கொல்லை கிடைக்குமோ, அவரே எனக்காக விலை கேட்கப் போகிறார். துண்டுக்குள் ஐந்து விரல் பிடித்தார்களா, மூன்று விரல் பிடித்தார்களா, யார் கண்டது? வீட்டுக்கு வந்து மூன்று என்று அவர் சொன்னால் மூன்றுதான். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். இப்படி நினைத்ததற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. ஒளித்துச் சொல்லும் விலை என்றால் வீட்டுக்குள் சந்தேகம் வரத்தான் செய்யும். வராமல் இருந்தால் நான் ஒரு மண்.

ஆனால் இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? அவர் வயிற்றில் பிறந்த பிள்ளை. சுற்றி வளைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"அத்த, இந்தத் தடவ நீங்க வந்து கை குடுங்களேன். நீங்க வயசுல பெரியவுங்க. உங்க கையப் புடிச்சா யாரு தப்பாப் பேசப் போறா?"

அவர் உடைத்துக்கொண்டிருந்த கடலையைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்தார். நான் சொல்லாததும் அவருக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்தது. எழுந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சேர்ந்து உட்கார்ந்து உடைக்கும்போதுகூட எங்களுக்குள் தோல் உடையும் சத்தம் மட்டும்தான்.

மூன்றாவது வண்டி புறப்பட்ட விடிகாலையில் பார்த்தால், அவர் துவைத்த சேலை கட்டி, விபூதி பூசிக்கொண்டு, மூட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீயும் ஏறு" என்றார்.

மச்சாண்டாருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "நான் இருக்கும்போது நீ கை குடுக்குறதா? ஊரு சிரிக்கும்மா."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஊரா சோறு போடுது? வண்டிய ஓட்டு."

வழியெல்லாம் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டே போனோம். நான் மூட்டைக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தேன். மாடுகளுக்கு மட்டும் எந்த மனஸ்தாபமும் இல்லை.

மண்டியில் பெண்கள் வண்டியை விட்டு இறங்குவதே அபூர்வம். நாங்கள் இறங்கியதும் தராசுக்காரர்கூட நிறுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அன்றைக்கு வாங்க வந்திருந்தவர் லப்பைக்குடிக்காட்டு வியாபாரி ஒருவர். தொப்பியும் கைலியுமாக, ஐம்பது வயசு இருக்கும், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எங்கள் மூட்டையில் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி பருப்பை எடுத்தார். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. இன்னொன்றையும் கடித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

தரகர் வந்து வழக்கம்போலத் துண்டை எடுத்தார். என் மாமியார் கையை நீட்டியதும் பின்வாங்கிவிட்டார்.

"என்ன ஆத்தா இது? ஒங்க கையப் புடிச்சு நான் வெல பேசுறதா? பெரியவரு நிக்கிறாருல்ல. அண்ணே, வாங்க இப்படி."

"அவன் வரமாட்டான். கடல என்னோடது, கை என்னோடது" என்றார் மாமியார்.

தரகர் தலையைச் சொறிந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் பாய் முன்னால் வந்து தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டார்.

"எங்க உம்மா மாதிரி இருக்காங்க. நானே பேசிக்கிறேன், விடுங்க."

பெரிய மனசோடு செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் காரணம் வேறு. சண்டைக்காலத்தில் ரயில் வேகன் கிடைப்பது குதிரைக்கொம்பு. எத்தனையோ நாள் காத்திருந்து அன்றைக்குத்தான் அவருக்கு வேகன் கிடைத்திருந்தது, சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும். நல்ல காய்ந்த சரக்கு கண்முன்னால் இருக்கிறது, தரகரோ கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறார். அவசரம். அவ்வளவுதான். நல்லது நடக்க நல்லவர்கள் வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சில சமயம் ஒரு வேகன் போதும்.

துண்டு விழுந்தது. இரண்டு கைகளும் உள்ளே போயின.

"வெரலெல்லாம் காய்ச்சுப் போயிருக்கே உம்மா" என்றார் பாய். பிறகு, "பத்துக்கு மேல" என்றார்.

நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போனது போல இருந்தது. தன் பிள்ளையைப் பற்றி இத்தனை நாளும் தள்ளிவைத்திருந்த நினைப்பு அவருக்குள் வந்து உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன்தான் இந்த அம்மாளை இங்கே இழுத்துக்கொண்டு வந்தேனோ என்று இருந்தது.

அப்போது அவர், கொல்லையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரலில், மண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அஞ்சு வெரலையும் புடிக்கிறியே தம்பி!"

மண்டியில் அப்படி ஒரு காரியம் அதுவரை நடந்ததில்லை. துண்டுக்கடியில் இருந்த விலை வாய்வழியாக வெளியே வந்துவிட்டது. வழக்கம் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று பிற்காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். "வாயில வந்துடுச்சு" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

தரகர் குதித்தார். "ஆத்தா! என்ன இது? சத்தம் போட்டு வெல சொல்றீங்க? ஏலமா நடக்குது இங்க?"

அவர் குரலை மீறி இன்னொரு குரல் கேட்டது. மச்சாண்டார்.

"அஞ்சா? போன ரெண்டு தடவையும் மூணு வெரலுதானேய்யா எனக்குப் புடிச்ச?"

யோசித்துச் சொன்னதல்ல அது. அடி விழுந்தவன் "ஐயோ" என்பது போலத் தானாக வந்தது. திருடியவனாக இருந்தால் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க மாட்டான். இவர் நடு மண்டியில், அத்தனை பேர் முன்னால், தான் ஏமாந்ததைத் தானே கூவிக்கொண்டு நின்றார்.

என் மாமியார் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தார். என் காதில் சொன்னார்:

"திருடன் இல்லடி. ஏமாளிதான்டி அவன். திருடன் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை ஏமாளி என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட தாயை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அதற்குள் மண்டி கொதிக்க ஆரம்பித்துவிட்டது. வரதராஜன்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் முன்னால் வந்தார். அன்று காலையில்தான் இதே பாய்க்கு, இதே தரகர் மூலம் பருப்பு விற்றவர்.

"காலையில எனக்கு மூணு புடிச்ச. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள அஞ்சு ஆயிடுச்சா?"

"ஒங்களது ஈரக் கொட்ட" என்றார் தரகர். பட்டென்று வந்தது பதில்.

அந்த மனிதர் பின்னால் நகர்ந்துகொண்டார். ஏனென்றால் அது உண்மை, தண்ணீர் தெளித்துத்தான் கொண்டுவந்திருந்தார். ஊரில் எல்லோரும் எடைக்காகத் தெளித்த தண்ணீர் தரகருக்கு எப்படிக் குடையாகப் பயன்பட்டது என்று அன்றைக்குப் பார்த்தேன். நூறு பேர் சேர்ந்து செய்த சின்னத் திருட்டின் நிழலில் ஒருவர் பெரிய திருட்டு செய்துகொண்டிருந்தார்.

"எங்களது ஈரமில்லையே. போன தடவையும் இதே கொட்டதான்" என்றார் மச்சாண்டார்.

"போன தடவ வேகன் ஏது? வேகன் இல்லாட்டா வெல எறங்கத்தான் செய்யும்."

அதுவும் பொய் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. சாட்சி மட்டும் எங்கள் யாரிடமும் இல்லை. விரல் பேசியதற்கு யார் சாட்சி சொல்வது? மச்சாண்டார் பாயிடம் திரும்பினார். "பாய், போன ரெண்டு வண்டியும் நீங்கதான வாங்குனீங்க, நீங்க சொல்லுங்க. போன தடவ எத்தன வெரலு புடிச்சீங்க?"

பாய் ரயில் நிலையத்தைப் பார்த்தார். துண்டை மடித்துத் தரகர் தோளிலேயே போட்டார்.

"அண்ணே, எனக்கு நாளைக்கும் இந்த மண்டிதான் பொழப்பு. இன்னிக்கு வெல அஞ்சு. அதுக்கு நான் பொறுப்பு. அல்லா மேல ஆணையா அதுல ஒரு காசு கொறையாது. மத்தத என்னக் கேக்காதீங்க."

கேட்க வேண்டியது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பாலுக்குக் காவல் இருந்தவர் யார், பூனை யார் என்று தெரிந்துபோயிற்று. ஆனால் தரகருக்கு அதனால் தலை போகவில்லை. அடுத்த வாரமும் அவர் இருந்தார், துண்டும் இருந்தது, சாக்கும் அவரிடம்தான் இருந்தது. சிலர் மட்டும் துண்டை விலக்கிவிட்டு வாயால் விலை சொல்லச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். வெகுகாலம் கழித்து சர்க்காரே விற்பனைக் கூடம் கட்டியது, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள் என்றார்கள். எழுதட்டும். பெட்டியை எல்லோர் முன்னாலும் திறக்கிறார்களா என்றுதான் நான் கேட்டேன்.

எங்கள் பருப்பை நிறுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு திரும்பினோம். அந்த ஒரு வண்டி முதல் இரண்டு வண்டிகளின் ஓட்டையை அடைத்துவிட்டது. கிஸ்திக்கு ஆயிற்று. குதிரில் இருந்த விதையைத் தொட வேண்டியதில்லை. நிபந்தனைப்படி பார்த்தால் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் நிபந்தனை போட்டவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டுமே. வரும்போது வண்டியில் உட்கார்ந்து ஓட்டி வந்தவர், திரும்பும்போது ஏறவே இல்லை. மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்ட ஆண்பிள்ளை என்ன முடிவுக்கு வருவார் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபத்தில் கொல்லையைக் கேட்டால் என்ன செய்வது?

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் யார் யாருடைய கடலையோ. மச்சாண்டார் வேகன்களைப் பார்த்தபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்:

"அம்மா, அந்தக் கொல்லையில போட்ட செலவு மொத்தம் என்னன்னு கேளு."

மாமியார் என் பக்கம் திரும்பினார். எனக்கு அந்தச் சுற்றுவழி திடீரென்று அலுத்துப்போயிற்று. விலையும் சரி, பேச்சும் சரி, நடுவில் ஒரு கை எதற்கு? நானே நேராகச் சொன்னேன். என் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உழவு. எரு. வெத. ரெண்டு தடவ கள கொத்துன கூலி. ஆய்ஞ்ச கூலி. ஒடச்ச பொம்பளைங்க கூலி. வண்டி."

ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். பகல் வெளிச்சத்தில், துண்டு இல்லாமல். ஒரு கை முடிந்து அடுத்த கை போயிற்று. நான் நிறுத்தியதும் மடக்காத விரல்களைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"ஒன் கூலி?"

எனக்குப் புரியவில்லை.

"விடிஞ்சா அடஞ்சா கொல்லையிலதான கெடந்த. அம்மாவும் ஒடச்சாங்க. அந்தக் கூலிய எந்தக் கணக்குல சேக்குறது?"

நான் சேர்க்கவில்லை. அத்தனை மனக்கணக்குப் போட்டவள், தரகர் கழித்த தூசி வரைக்கும் எண்ணியவள், என்னை எண்ணவில்லை. என்னைச் சேர்த்திருந்தால் மூன்று விரலுக்கு விற்றது அத்தனையும் நஷ்டம் என்று முதல் வண்டியிலேயே தெரிந்திருக்கும்.

"நானும் சேத்ததில்ல" என்றார் அவர். "இத்தன வருசமா மூணு வெரலுக்கு வித்துட்டு, மிச்சம்னு நெனச்சு வூட்டுக்கு வந்திருக்கேன்."

மாமியார் அவர் தோளைத் தொடப் போனார், என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார்.

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போயிற்று. கேட்காரர் வந்து பூட்டைத் திறந்தார். மச்சாண்டார் மறுபடியும் தன் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் குரல் என் பக்கம் இருந்தது.

"குதுருல இருக்குற வெத அப்படியே இருக்கட்டும். ஆடிக்கு மேட்டுக் கொல்லைய நான் வந்து உழுது குடுக்குறேன். கூலிக்கு."

கூலிக்கு என்றால் கொல்லை என்னுடையது. ஆனாலும் அன்றைக்குக் கற்ற பாடத்தை அன்றைக்கே விட மனம் வரவில்லை.

"கூலி எவ்வளவுன்னு இப்பவே வாயால சொல்லிடுங்க" என்றேன்.

அவர் சொன்னார். கேட்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.